பல்லி சொன்னால் ஆசனம்

“சபையில் உட்கார எனக்கு ஓர் ஆசனம் வேண்டும், அரசே.”

இதை மட்டும் வாயைத் திறந்து கேட்டுவிடாதே என்று மாசாணியிடம் சொல்லியிருந்தார்கள். முன்னொரு காலத்தில், நிறைந்த சபையில், அவள் அதைத்தான் கேட்டாள்.

யானை பிளிறுவதும் கன்றைத் தொலைத்த பசு கதறுவதும் அவள் தொண்டையிலிருந்து அச்சு அசலாக வரும். பத்து வருஷமாகத் தூணோரம் நின்றே சபையை மகிழ்விக்க இப்படிக் குரல் கொடுத்தாள். ‘வாழ்க’ என்ற ஒரே சொல் தெரிந்த கிளிக்குக்கூடத் தங்க ஊஞ்சல் உண்டு. அவளுக்கு ஒரு பலகை கிடையாது.

அரசருக்கு ஒரு வியாதி. பல்லி சொல்லாமல் எதையும் செய்யமாட்டார். பல்லி சொன்னதும் சபையே தரையில் மூன்று தட்டுத் தட்டும். தட்டிவிட்டால் அதுதான் முடிவு, மாற்றமில்லை.

“பல்லி சொன்னால் தருகிறேன்” என்றார் அரசர்.

எல்லாரும் உத்தரத்தைப் பார்த்தார்கள். ச்சு, ச்சு, ச்சு. அரசர் தட்டக் குனிந்தார்.

சகுனம் பார்க்கும் நிமித்திகர் பூதநாதர் துள்ளி எழுந்தார். “மன்னா, மோசடி! அது பல்லி அல்ல. இவள் வாய்!”

“எனக்கே தெரியவில்லையே. உமக்கு எப்படி ஐயா தெரிந்தது?” என்றார் அரசர்.

நிமித்திகர் மெல்ல உட்காரப் பார்த்தார்.

“நான் சொல்கிறேன் அரசே” என்றாள் மாசாணி. “ஐயாவுக்கு மாளிகை கொடுத்தீர்களே, அன்று சொன்ன பல்லி நான். அவர் மருமகனைத் தளபதியாக்கிய பல்லியும் நான். சொல்லாவிட்டால் அரண்மனையை விட்டே துரத்துவேன் என்றார். பத்து வருஷமாக இந்தச் சபையில் சொன்ன பல்லி நான் ஒருத்திதான். இன்றும் அதே பல்லிதான் சொன்னது. அவருக்குச் செல்லும், எனக்குச் செல்லாதா?”

அரசர் கிரீடம் சாயச் சிரித்தார். “போடுங்கள் ஆசனம், என் பக்கத்திலேயே! இனி இவள்தான் அரண்மனைப் பல்லி. மாசாணி, வடக்கே வாய்க்கால் வெட்டலாமா? சொல்லு!”

பட்டு மெத்தை வந்தது. மாசாணி அதைத் தொடவில்லை.

“அங்கே தண்ணீர் இல்லாமல் கிடக்கிறார்களே, அவர்களைக் கேளுங்கள் அரசே. ஒன்றையாவது நீங்களாகத் தருவீர்களா என்று பார்க்கத்தான் ஆசனம் கேட்டேன். இல்லையென்றால் போய்விடுவது என்று காலையிலேயே மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டேன்.”

அவள் நடந்தாள்.

“பொறு! நீ போகலாமா என்று...” அரசர் உத்தரத்தைப் பார்த்தார்.

வாசற்படியில் அவள் திரும்பாமலே சொன்னாள். ச்சு, ச்சு, ச்சு.

பழக்கதோஷம். சபை முழுக்கக் குனிந்து தரையைத் தட்டியது. அரசரும்தான்.