மேட்டான் கீழே இறங்கிய நாள்

அந்தக் காலத்தில், பறவைகள் தங்களுக்குள் பேசிச் சிரித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, குளத்தங்கரை மாந்தோப்பில் ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் இருந்தது. அவர்களிடம் ஒரு வழக்கம். கூட்டை விட்டுத் தரையில் குதிக்கிற நாளில் குஞ்சு முதன்முதலில் எதைச் செய்கிறதோ, அதுதான் அதற்கு ஆயுசுக்கும் வேலை. பேரும் அதை வைத்துத்தான். சருகைப் புரட்டிய குஞ்சு புரட்டன் ஆனான். பக்கத்தில் நின்றவனின் கழுத்தைக் கோதிவிட்டவள் கோதினி ஆனாள்.

அவர்களுடைய தம்பி குதித்த அன்று, பழுத்த மாவிலை ஒன்று சுழன்று சுழன்று விழுந்தது. அதன் நிழலைக் கண்டு அவன் கீச்சென்று அலறினான். கூட்டத்துக்குப் பெரியவர் சடையன். அவர் தலையைச் சாய்த்து அந்த அலறலைக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"இவன் காவலுக்குன்னே பொறந்தவன்."

அவ்வளவுதான். மேட்டான் என்று பேர் வைத்து அவனை உச்சிக்கிளையில் ஏற்றிவிட்டார்கள். அன்றைக்குப் பெரியவருக்கு வேறு மாதிரித் தோன்றியிருந்தால் பயந்தாங்கொள்ளி என்று சொல்லியிருப்பார். அவனும் அப்படியே வளர்ந்திருப்பான்.

ஆரம்பத்தில் மேட்டானுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. "மேட்டான் கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்று எல்லோரும் சொல்லச் சொல்ல, அவன் கழுத்தை இன்னும் நீட்டிக்கொண்டு நின்றான். பிறகுதான் மற்றது உறைத்தது. வெயில் ஏறியதும் எல்லோரும் ஒரே கிளையில் ஒட்டி உட்கார்ந்து ஒருவரையொருவர் கோதிக்கொள்வார்கள். அந்த வரிசையில் அவனுக்கு இடம் கிடையாது. கழுத்து இறகெல்லாம் சிக்குப் பிடித்துக் கிடந்தது. இரையும் அப்படித்தான். எல்லோரும் தின்று முடித்த பிறகு யாராவது நினைத்துக்கொண்டால் மேலே வரும்.

மழைக்குப் பின் ஈசல் கிளம்புகிற நாளில் அதுவும் வராது. போன மழைக்குப் புரட்டன் அலகில் கொண்டுவந்தது வெறும் இறக்கை.

"சதையெல்லாம் எங்கடே?" என்று கேட்டான் மேட்டான்.

"நீ காவல்காரன்லா? ஒனக்கு அவ்வளவா பசிக்காதுன்னு நெனைச்சேன்."

மேட்டான் அந்த இறக்கையைக் கீழே உதிர்த்துவிட்டான். ஆனால் மறக்கவில்லை. புரட்டன் அதைச் சொன்னபோது அவன் வாயோரத்தில் ஒட்டியிருந்த ஈசல் கால் வரைக்கும் நினைவில் வைத்திருந்தான்.

அடுத்த மழை பெய்து வெறித்தது. தரை பொத்துக்கொண்டதுபோல் ஈசல் புறப்பட்டது. கீழே ஒரே கும்மாளம். சடையன்கூடத் தலை நிமிரவில்லை. மேலே ஒருவன் இருக்கிறான் என்று ஒருவருக்கும் நினைப்பில்லை. மேட்டானுக்கு வயிறும் எரிந்தது, மனமும் எரிந்தது. யாரிடமும் சொல்லாமல் இறங்கிவிட்டான்.

தரையில் நின்ற பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவனுக்குத் தின்னத் தெரியவில்லை. ஈசலைப் பார்த்துக் குனிவான். அலகு மண்ணைத் தொடுமுன் கழுத்து தானாக நிமிர்ந்துவிடும். மறுபடி குனிவான், மறுபடி நிமிர்வான். அப்படி நிமிர்ந்தபோது, தான் நிற்கிற கிளையை முதன்முதலாகக் கீழேயிருந்து பார்த்தான். அது காலியாக இருந்தது. அதற்கும் அப்பால், வெளிறிய வானத்தில், ஒரு வல்லூறு சிறகை மடக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

மேட்டான் உயிரைக் கொடுத்து அலறினான். யாரும் அசையவில்லை. காவல் குரல் மேலிருந்து வந்துதான் அவர்களுக்குப் பழக்கம்.

"எவம்ல அது, மேட்டான் மாதிரியே கத்திக் காட்டுதது?" என்று வாய் நிறைய இரையோடு சிரித்தான் புரட்டன்.

"நான்தான்டே மேட்டான்!"

"மேட்டான் மேலல்லா இருப்பான். போடே."

கோதினி மட்டும் திரும்பிப் பார்த்தாள். சிக்குப் பிடித்த அந்தக் கழுத்தைப் பார்த்ததும், ஒரு நாளும் யாரும் கோதிவிடாத கழுத்து அது ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அடுத்த நொடி விருட்டென்று உச்சிக்கிளைக்குப் பறந்து, அங்கிருந்து கத்தினாள். காவல் கத்தல் மாதிரியே இல்லை. வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டதுபோல் இருந்தது. ஆனால் மேலிருந்து வந்தது. கூட்டம் மொத்தமும் முள்ளுப்புதருக்குள் பாய்ந்தது. வல்லூறின் நகத்தில் சிக்கியது சடையனின் வால் இறகுகள் மட்டும்தான்.

புதருக்குள் எல்லோரும் ஒருவரையொருவர் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் காயமில்லை. மூச்சு வந்ததும் சடையனுக்குக் கோபமும் வந்தது.

"ஒன்னை யாருல எறங்கச் சொன்னா?"

"பசி சொல்லிச்சு, பெரியப்பா."

"காவலுக்குப் பொறந்தவனுக்கு..."

"நான் காவலுக்குப் பொறக்கல. எலை விழுந்துச்சு, பயந்தேன். நீங்கதான் அதுக்கு ஒரு பேரு வச்சீங்க."

சடையன் இறகு பறிபோன வாலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார், "அப்போ மேல கத்துனது யாரு?"

கிளையிலிருந்து பதில் வந்தது. "நான்தான், கோதினி."

"ஒனக்குக் காவல் தெரியாதே, தாயி."

"தெரியாதுதான். கத்துனேன், எல்லாரும் ஓடுனீங்க. வல்லூறு குளத்தைத் தாண்டிப் போயிட்டுது, வெளிய வாங்க. தம்பி, நீ போய்த் தின்னு. நான் இங்கன நின்னு பாக்கேன்."

மேட்டான் தின்றான். முதல் ஈசலை இறக்கையோடு விழுங்கிப் புரையேறி இருமினான். புரட்டன் சிரித்தான். ஆனால் அடுத்த ஈசலை இறக்கை உதறி இவன் முன்னால் வைத்தான். கழுத்து ஒவ்வொரு தடவையும் நிமிரத்தான் செய்தது. நிமிர்ந்தபோதெல்லாம் கிளையில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் நிமிரவேண்டும் என்றே தோன்றவில்லை. அப்படி ஒரு நிம்மதியை அவன் வயிறு மட்டுமல்ல, கழுத்தும் அன்றுதான் அறிந்தது.

வயிறு நிறைந்ததும் அவனாகவே மேலே போனான். "எறங்கு அக்கா. இனி நான் பாக்கேன்."

"கொஞ்சம் பொறு, கழுத்தைக் காட்டு" என்று சிக்கை எடுத்துவிட்டுத்தான் அவள் இறங்கினாள். மேட்டானுக்குப் பிறகு புரட்டன் ஏறினான். கடைசியில், வாலில்லாமல் தள்ளாடிக்கொண்டு, சடையனே ஏறினார். அவருடைய முறை முடிந்து, அடுத்த முறைக்கு ரொம்ப நேரம் கூப்பிட்டும் மேட்டான் மட்டும் ஈசல் ருசியில் ஏதும் கேளாதவன்போல் இருந்தான்.

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக இரை பொறுக்கும்போது, ஒன்று மாற்றி ஒன்று கிளையேறிக் காவல் நிற்கின்றன. முறை மாறும்போதெல்லாம், மேலே நிற்பது யார் என்று எல்லோருக்கும் தெரியும்படி, அத்தனை சத்தம் போடுகின்றன.