முள்ளெலியா, கல்பாசியா?

முன்னொரு காலத்திலே, மலையும் மலையும் பேசிக்கொண்ட காலத்திலே, பாறைநாட்டு மலையுச்சியில் கோரதந்தன் என்ற மந்திரவாதி வந்து உட்கார்ந்துகொண்டான். ஒரு கையில் முள்ளெலி. மறு கையில், குழம்புக்கு மணம் தரும் கல்பாசி ஒட்டிய கல்.

“மூன்று கேள்விக்கும் சரியான பதில் வந்தால் போய்விடுகிறேன். தப்பாகச் சொன்னவர் கல்லாவார்!” என்றான்.

“முள்ளெலி என்ன இனம்?” மந்திரி, “எலிதான்” என்றார். கல்லானார்!

“கல்பாசி என்ன இனம்?” தளபதி, “பாசிதான்” என்றார். கல்லானார்!

“இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்றலாம். எதை?” கல்பாசி எடுக்கும் வீரணன், “முள்ளெலியை. ஓடியாடுற உசுராச்சே” என்றான். அவனும் கல்லானான்!

வீரணன் மனைவி பொம்மக்கா அழுதாள், நன்றாகவே அழுதாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு மலையேறினாள்.

“நீயும் கல்லாகவா வந்தாய்?”

“அதுக்கு வேற ஆளைப் பாருய்யா. கேள்வியைக் கேளு.”

முள்ளெலி முன்னே கொஞ்சம் கம்புத் தானியமும் ஒரு வண்டும் வைத்தாள். அது கம்பைத் திரும்பியும் பார்க்கவில்லை. வண்டை மொறுமொறுவென்று தின்றது. “பேருதான் எலி. இது மூஞ்சூறுக்குச் சொந்தம்” என்றாள். மந்திரவாதியின் தாடி ஒரு சாண் குறைந்தது.

“கல்பாசி ஒண்ணு இல்ல, ரெண்டு. காளான் வீடு கட்டும், பாசி சோறாக்கும். சேர்ந்த குடித்தனம்” என்றாள். தாடி இன்னொரு சாண் குறைந்தது.

“காப்பாத்துறது கல்பாசியை” என்றாள்.

மந்திரவாதி விழுந்து விழுந்து சிரித்தான். “முள்ளெலியைச் சாகவிட்டா?”

“ஏன் சாகுது? கல்பாசி நகத்தளவு வளரவே வருசக்கணக்காகும். அதனாலதான் நாங்க பாதியைக் கல்லுக்கே விட்டுட்டு எடுக்கிறோம். அது பிழைக்கணும்னா பாறையை உடைக்கக் கூடாது, புகை மூட்டக் கூடாது, புதரை எரிக்கக் கூடாது. முள்ளெலிக்கு வீடே அந்தப் புதருதான். தானாப் பொழைச்சுக்கும்!”

மிச்சத் தாடியும் போயிற்று. தாடியோடு மந்திரமும் போயிற்று. மோவாயைப் பொத்திக்கொண்டு ஓடியவன்தான், திரும்பவே இல்லை.

மந்திரி தும்மினார். தளபதி வாளைத் தேடினார். அரசர் அந்த மலையையே பொம்மக்காவின் காவலில் விட்டார்.

வீரணன் சோம்பல் முறித்தான். மந்திரக் கல்லாச்சே, அவன் தோளில் சீக்கிரமே கல்பாசி படர்ந்திருந்தது. தட்டிவிடக் கையெடுத்தான்.

“தொடாதீங்க!”

“அதுக்காக இப்படியே நிக்கவா?”

“கொஞ்ச நேரம் நில்லுங்க. கண்ணு நிறையப் பாத்துக்கிறேன்” என்றாள் பொம்மக்கா.