நித்திரை உருண்டை

முன்னொரு காலத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த ஒரு சிறிய நாட்டில், அரசருக்குத் தூக்கம் வராமல் போயிற்று.

ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. இரண்டு வருஷம். காரணத்தை ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். வடக்கெல்லைப் போரில் மாண்டவர்கள் கண்ணில் தெரிகிறார்கள் என்றார்கள் படைவீரர்கள். பட்டத்தரசி போன துக்கம் என்றார்கள் அந்தப்புரத்துப் பெண்கள். கட்டில் போட்ட திசை சரியில்லை என்றார் சோதிடர். அரசருக்கே காரணம் தெரியாது என்பதுதான் உண்மை. படுப்பார், கண்ணை மூடுவார், மூடிய கண்ணுக்குள் விடியும்வரை விழித்திருப்பார்.

தூக்கம் வரவழைப்பவருக்குப் பரிசு என்று முரசறைந்ததும் அரண்மனை வாசலில் கூட்டம் நிறைந்தது. எருமைப்பாலில் ஜாதிக்காய் உரசிக் கொடுத்தார்கள். கசகசாப் பாயசம் வைத்தார்கள். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்தார்கள். மருதாணிப் பூவைத் தலையணைக்குள் அடைத்தார்கள். ஆயிரத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார் ஒருவர். அரசர் ஒன்றுவரை எண்ணி முடித்துவிட்டு, இனி என்ன செய்வது என்று கேட்டார்.

அரசரைச் சிரிக்கவைக்கிற வேலையில் இருந்தவன் இருளப்பன். அவனும் தன் பங்குக்கு ஒன்று செய்தான். பிரதானி உலகநாதர் எழுதிய எல்லைத் தகராறு அறிக்கையைக் கையில் எடுத்து, முதல் ஓலையிலிருந்து ராகம் போட்டுப் படித்தான். அரசர் இரண்டு முறை கொட்டாவி விட்டார். பாலும் பாயசமும் சாதிக்காததைப் பிரதானியின் நடை சாதித்துவிட்டது என்று அவை முழுக்கச் சிரித்தது. பிரதானி சிரிக்கவில்லை.

கடைசியாக வந்தவர் அரண்மனை வைத்தியர் அகோரமூர்த்தி. அபினியும் வேறு என்னென்னவோ சேர்த்துப் பிசைந்த கறுப்பு உருண்டை ஒன்றைக் கொடுத்தார். கடுகளவு. அன்று அரசர் தூங்கினார். மறுநாள் கோயில்களில் பூசை நடந்தது.

ஒரு மாதத்தில் கடுகு போதவில்லை. மிளகளவு ஆயிற்று. பிறகு குன்றிமணி. ஆறாவது மாதம் சுண்டைக்காய். அரசர் விழுந்து கிடப்பார், ஆனால் அவர் முகம் தூங்கியவர் முகம்போல இருக்காது. பகலில் அவைக்கு வந்து அமர்ந்தால் வாய் லேசாகத் திறந்திருக்கும். பிரதானி ஓலைகளை ஒவ்வொன்றாக நீட்டுவார். அரசரின் முத்திரை மோதிரம் ஒவ்வொன்றின் மேலும் இறங்கும். எதில் இறங்கியது என்று அரசருக்குத் தெரியாது. அந்த வசதிக்காகவே பிரதானியும் வைத்தியரும் நெருங்கிய நண்பர்களானார்கள்.

ஒரு நாள் இருளப்பன் அவையில், “மோதிரம் மட்டும் வந்தால் போதுமே, அரசரை எதற்குத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்?” என்று கேட்டுவிட்டான். சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களின் பெயர்களைப் பிரதானி மனத்தில் குறித்துக்கொண்டார். கேட்டவனின் பெயரைக் குறிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

இங்கே அந்த அரண்மனையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அரசரின் பாட்டனாருக்கு யாரோ விஷம் வைத்துவிட்டார்கள். பிழைத்தெழுந்த பாட்டனார் ஒரு விதி செய்தார். அரசர் வாய்க்குப் போவது எதுவானாலும் அதே அளவை ‘அமுது பார்ப்பவர்’ என்ற பணியாளர் முதலில் உண்ண வேண்டும். சமைத்தவர் அப்போது பக்கத்தில் இருக்கக் கூடாது, இரண்டு காவலர் மட்டுமே இருக்கலாம். இரண்டு நாழிகை கழித்து அவர் அரசர் முன் நின்று, “உண்டேன். நலம். நிற்கிறேன்” என்று சொல்ல வேண்டும். அதன் பிறகே அரசர் உண்பார். பத்தொன்பது வருஷமாக அந்த வேலையில் இருந்தவர் ஆண்டியப்பன் என்ற மனிதர். உப்பு ஒரு கல் குறைந்தாலும் சொல்லிவிடுவார்.

நித்திரை உருண்டை வந்த பிறகு ஆண்டியப்பனும் கடுகு, மிளகு, குன்றிமணி என்று கூடவே போனார். மருந்து வேலை செய்கிற மருந்து. இரண்டு நாழிகையில் அவருக்குக் கால் நிற்காது, நா புரளாது. வைத்தியர் ஒரு வழி சொன்னார். காவலர் இருவரும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பிடிக்கட்டும், அவர்களில் ஒருவன் அவர் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு அந்த மூன்று சொல்லையும் சொல்லட்டும். அரசர் உருண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். எதிரே நிற்பவரைப் பார்க்க மாட்டார். இப்படியே நாட்கள் போயின. ஆடி மாதத்தில் ஆண்டியப்பன் இறந்துபோனார். வயதாகிவிட்டது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் அவையில் பிரதானி எழுந்தார்.

“அரசே, தங்கள் நாவுக்கு முன்னால் செல்லும் நாவு நம்பிக்கைக்குரியதாக இருக்க வேண்டும். நம் இருளப்பனின் நாவைவிடக் கூர்மையான நாவு இந்த நாட்டில் வேறு எது?”

அரசரின் தலை முன்னால் சாய்ந்தது. சம்மதம் என்று தலையசைத்தாரா, தூக்கத்தில் தலை விழுந்ததா என்று இருளப்பனுக்குப் புரியவில்லை. அதற்குள் மோதிரம் ஓலையில் பதிந்துவிட்டது. நாளை மாலை விளக்கு வைக்கும்போது அவன் சுண்டைக்காய் அளவு உருண்டையை விழுங்க வேண்டும். ஆறு மாதம் பழகிய உடம்பையே அது கொண்டுபோயிற்று. பழகாத உடம்புக்கு என்ன ஆகும் என்பது அவையில் எல்லோருக்கும் தெரியும். முன்பு சிரித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவி வடிவிடம் சொன்னான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“ஊரைவிட்டுப் போயிருவோம்.”

“நாலு வாசல்லயும் ஆள் நிக்குது. வர்றப்பவே பார்த்தேன்.”

“அப்ப தின்ன மாதிரி நடிச்சிருங்க. உங்களுக்கு நடிக்கச் சொல்லியா குடுக்கணும்?”

“நேரா நின்னு சொன்னா, தின்னலன்னு வைத்தியருக்குத் தெரிஞ்சுபோகும். மயங்கின மாதிரி கிடந்தா, இன்னும் சாகலன்னு இன்னொரு உருண்டைய வாயில வச்சுத் திணிப்பாங்க. மயங்கினவன் எப்படி வேண்டாம்னு சொல்றது?”

வடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “அந்த ஆண்டியப்பண்ணனையும் இப்படித்தான் பிடிச்சுக்கிட்டு நின்னாங்களா?” என்று கேட்டாள்.

“ஆமா. ரெண்டு பேரு பிடிச்சுக்குவாங்க. அதுல ஒருத்தனே முதுகுக்குப் பின்னாலருந்து பேசுவான்.”

“அதுக்கு மனுசன் எதுக்கு?” என்றாள் அவள். கேலிக்காகச் சொல்லவில்லை, அழுகையை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள். இருளப்பன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பொழுது விடிந்ததும் அவன் காவலர் கொட்டடிக்குப் போனான். ஆண்டியப்பனை வலப்பக்கம் பிடித்து, அந்த மூன்று சொல்லையும் சொல்லிவந்தவன் புலமாடன் என்ற காவலன். ஆள் ஆறடி இருப்பான். இருளப்பன் தான் நினைத்ததைச் சொன்னான். இன்று என்னைப் பிடிப்பீர்கள், நாளை என்னைத் தூக்குவீர்கள், அதற்குப் பதில் வேறொன்றைப் பிடியுங்கள் என்றான். மாட்டிக்கொண்டால் தலை போகும் என்பதையும் மறைக்கவில்லை. எப்படியும் கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்துப் போயிருந்தான். புலமாடன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கூட்டாளியை ஒரு முறை பார்த்தான். “செய்வோம்” என்றான். ஏன் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டான் என்பது இருளப்பனுக்கு உறுத்தலாகவே இருந்தது.

மாலையில் விளக்குகள் வந்தன. வைத்தியர் தட்டில் இரண்டு உருண்டைகள் கொண்டுவந்து, ஒன்றை முன்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, மற்றதோடு அரசர் பக்கத்தில் நின்றார். பிரதானியும் நின்றார். அரசரின் விரல்கள் ஆசனத்தின் கைப்பிடியைத் தட்டிக்கொண்டே இருந்தன. நெற்றியில் வியர்வை. இரண்டு நாழிகைக்குள் நான்கு முறை, ஆயிற்றா என்று கேட்டார்.

முன்கூடத்துக் கதவு திறந்தது. காவலர் இருவரும் அமுது பார்ப்பவரைத் தூக்கிப் பிடித்தபடி வந்து, தூணுக்கு அருகில் நின்றார்கள். பெரிய தலைப்பாகை. உணவில் மூச்சு படாமலிருக்க அந்த வேலைக்காரர்கள் கட்டும் வாய்த்துணி. தோளிலிருந்து தரைவரை போர்வை. தலை நெஞ்சில் தொங்கிக் கிடந்தது. வைத்தியரும் பிரதானியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரதானியின் முகத்தில் நெடுநாளைக்குப் பிறகு ஒரு நிம்மதி தெரிந்தது.

“உண்டேன். நலம். நிற்கிறேன்” என்று குரல் வந்தது.

அரசர் உருண்டையை எடுத்து உதட்டுக்குக் கொண்டுபோனார்.

“அரசே,” என்று கதவோரத்து இருட்டிலிருந்து இருளப்பன் முன்னால் வந்தான். “நலம் என்று சான்று சொன்னவரை ஒருமுறை பார்த்தருள வேண்டும்.”

காவலர் கையை எடுத்தார்கள். தூணருகே நின்றது சரிந்தது. மனிதன் விழுகிற சத்தம் கேட்கவில்லை. தலைப்பாகை உருண்டு போயிற்று. போர்வைக்குள்ளிருந்து வைக்கோல் சிதறியது.

“இது இராஜத்துரோகம்” என்றார் பிரதானி.

“விதி மீறவில்லை, ஐயா,” என்றான் இருளப்பன். “ஆறு மாதமாக இந்த வேலைக்கு மூன்றே தகுதிதான் வேண்டியிருந்தது. உருண்டை வயிற்றுக்குள் போக வேண்டும். பிறர் பிடித்தால் நிற்க வேண்டும். பிறர் பேசினால் தான் பேசியதாக ஆக வேண்டும். இவரிடம் எதிலும் குறையில்லை. உருண்டையும் வயிற்றில்தான் இருக்கிறது, வைக்கோலை விலக்கிப் பார்க்கலாம். என்னைவிட இவர் ஒரு விஷயத்தில் மேல். இவர் சாக மாட்டார்.”

யாரும் சிரிக்கவில்லை. அரசர் வைக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வை மெல்லமெல்லத் தெளிந்து வருவதை இருளப்பன் கண்டான்.

“நான் ஒவ்வொரு நாளும் பார்த்தது இதைத்தானா?” என்று அரசர் கேட்டார். “ஆண்டியப்பனும் இப்படித்தான் நின்றானா?”

பதில் சொன்னது புலமாடன். “மகாராசா, கடைசி நாள் நாங்க பிடிக்கிறப்பவே அவரு உடம்பு சில்லுனு இருந்துச்சு. வைத்தியரய்யாகிட்ட ஆள் விட்டேன். நேரமாச்சு, கொண்டுவான்னாங்க. கொண்டுவந்தோம். நான்தான் சொன்னேன், நலம்னு.”

இருளப்பன் புலமாடனைத் திரும்பிப் பார்த்தான். வைக்கோலை வைத்துத் தான் காட்ட நினைத்தது ஒரு கேலி. இங்கே நடந்திருந்தது கேலியே அல்ல. செத்த மனிதனின் நலத்தைக் கேட்டுத் திருப்திப்பட்டு அரசர் உருண்டையை விழுங்கியிருக்கிறார்.

“வயதானவர், அரசே” என்றார் வைத்தியர்.

“உமக்கு வயதாகவில்லை. இதை உண்டு, இரண்டு நாழிகை கழித்து என் முன்னால் நிற்பீரா?”

“அடியேனுக்குப் பழக்கமில்லை, அரசே.”

“இருளப்பனுக்குப் பழக்கம் உண்டா?”

வைத்தியர் பிரதானியைப் பார்த்தார். பிரதானி வேறெங்கோ பார்த்தார். அதற்கு மேல் அங்கே கேட்க ஒன்றும் இருக்கவில்லை. இருவரையும் அன்றிரவே காவலில் வைத்தார்கள். இரண்டு மாத விசாரணைக்குப் பின் நாட்டைவிட்டு அனுப்பினார்கள்.

அன்று அவர்களைக் கொண்டுபோகையில் எல்லோரும் பெருமூச்சு விட்டபோதும் இருளப்பன் அரசரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவும் கேட்ட பிறகும் அந்தக் கை உருண்டையைக் கீழே வைக்கவில்லை.

“வைக்க முடியவில்லை, இருளப்பா” என்றார் அரசர், மிகத் தாழ்ந்த குரலில்.

கடற்கரைப் பக்கத்து ஊரிலிருந்து வேறொரு வைத்தியர் வந்தார். ஒரேயடியாக நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து என்றார். அளவைக் கூட்டிக்கொண்டு போன படிகளிலேயே இறக்கிக்கொண்டு வர வேண்டும். சுண்டைக்காயிலிருந்து குன்றிமணி, குன்றிமணியிலிருந்து மிளகு. உடனிருக்க ஒருவரைக் கேட்டார். அரசர் இருளப்பனைக் காட்டினார்.

அந்த எழுபது நாட்களைப் பற்றி இருளப்பன் பிற்காலத்தில் யாரிடமும் வேடிக்கையாகப் பேசியதில்லை. அரசருக்கு எலும்பெல்லாம் குடைந்தது. மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிந்தது. இருளப்பனின் தலையை வெட்டச் சொல்லி இரவில் உத்தரவு போடுவார், காலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வார். வாசலில் நின்ற புலமாடன் ஒவ்வோர் உத்தரவுக்கும், “விடியட்டும், மகாராசா” என்றே பதில் சொன்னான். கதை சொல் என்பார் அரசர். சொன்னால் நிறுத்து என்பார். இருளப்பன் நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பான். பல இரவுகளில் அவன் செய்ததெல்லாம் அதுதான்.

கடுகளவும் நின்று மூன்றாம் நாள், உச்சி வெயிலில், அரசர் முகம் கழுவிக்கொண்டு வந்து ஆசனத்தில் அமர்ந்தார். மிகவும் மெலிந்திருந்தார். கண் மட்டும் பழைய கண்ணாக இருந்தது.

“இனித் தூக்கம் வருமா?”

“தெரியாது, அரசே. வைத்தியரையும் கேட்டேன். சில நாள் வரும், சில நாள் வராது என்கிறார்.”

“நல்லது. ஒருவனாவது தெரியாது என்கிறான். உனக்கு நான் பரிசு தர வேண்டும். கேள். ஊரா, குதிரையா, பிரதானி வேலையா?”

இருளப்பன் யோசித்தான். உயிர் இருக்கிறது. வடிவு வீட்டில் இருக்கிறாள். எழுபது நாளாகக் கண் எரிகிறது. அவனுக்கு ஒன்றுதான் தோன்றியது.

“கொஞ்சம் தூங்க வேண்டும், அரசே.”

அரசர் அவனைப் பார்த்தார். உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்துப் புலமாடன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் வந்தது சிரிப்பு. முதலில் இருமல்போலக் கரகரத்தது, பிறகு தோள் குலுங்கியது, பிறகு கண்ணில் நீர் வழிய அரசர் சிரித்தார். “இந்த நாட்டில் எதை வேண்டுமானாலும் கேள் என்றால், என்னிடம் வந்து இதையா கேட்கிறாய்? என்னிடம் இல்லாத ஒரே பொருளை?”

சிரித்து முடித்ததும் எழுந்தார். தன் கட்டிலைக் காட்டினார். இருளப்பன் தயங்கினான், அரசர் அவனைத் தோளைப் பிடித்துப் படுக்கவைத்தார். சாளரங்களைத் தன் கையாலேயே சாத்தினார். மாலைவரை இந்தப் பக்கம் யாரும் நடக்கக் கூடாது என்று வாசலில் சொன்னார். ஊரும் குதிரையும் நாளைக்குத் தருகிறேன் என்று அவர் திரும்பிச் சொன்னபோது, கட்டிலில் இருந்தவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

அரசர் பக்கத்தில் ஒரு மணைபோட்டு உட்கார்ந்தார். சற்றுநேரத்துக்கு ஒருமுறை குனிந்து, இருளப்பனின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். மூச்சு சூடாகப் பட்டது. அவருக்குத் தூக்கம் வரவில்லை. வர வேண்டும் என்றும் அன்று அவர் நினைக்கவில்லை. பொழுது சாயும்வரை அப்படியே விழித்திருந்தார்.