வெறுந்தூளி

"வேலைக்குப் போகட்டுங்களா, குழந்தையோட வீட்ல இருக்கட்டுங்களா?"

கோகிலவாணி உட்காரக்கூட இல்லை. இடுப்பில் குழந்தையோடு நின்றபடியே கேட்டுவிட்டாள். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த கேள்வி. உட்கார்ந்தால் தொண்டையிலேயே நின்றுவிடும் என்று பயம்.

செங்காட்டு மடத்து அம்மா நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்கக்கா," என்றாள்.

கோகிலவாணிக்குத் திக்கென்றது. அக்காவாம்!

ஊரெல்லாம் யோசனை கேட்கப் போகிற மடத்து அம்மா என்றால் நரைத்த கொண்டையும் நெற்றி நிறையத் திருநீறுமாக இருப்பாள் என்று நினைத்து வந்திருந்தாள். இவளானால் தன்னைவிடச் சின்னவள். முழங்கை வரைக்கும் செம்மண். மடமும் அப்படித்தான். ஓட்டுக் கொட்டகை ஒன்று. உள்ளே கடலை மூட்டைகளும் ஒரு பழைய தையல் மிஷினும். வாசலில் ஒரு புங்க மரம்; அதன் நிழலில் மில்லில் வேலை பார்க்கிற அவள் புருசன் செல்போனோடு உட்கார்ந்துவிட்டான். வேறொன்றும் இல்லை.

"உங்களுக்குக் குழந்தை இருக்குங்களா?"

"இல்லீங்கக்கா."

"முன்னே எங்கயாச்சும் கம்பெனிக்கு..."

"போனதில்லீங்கக்கா."

இவளிடம் கேட்கவா ரெண்டு பஸ் மாறி வந்தோம் என்று இருந்தது கோகிலவாணிக்கு.

மடத்து அம்மா அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"வந்தது வந்துட்டீங்க. சொல்லிட்டாச்சும் போங்க."

கோகிலவாணி உட்கார்ந்தாள். சொன்னாள்.

பனியன் கம்பெனியில் அவள் சாம்பிள் தைக்கிறவள். வெளிநாட்டுக்காரனுக்குக் காட்டுகிற முதல் உருப்படி அவள் கையில்தான் பிறக்கும். அது அவனுக்குப் பிடித்துப்போனால், அதைப் பார்த்துத்தான் மற்ற எல்லாரும் தைப்பார்கள். மாசமாக இருந்தபோது நின்றுகொண்டாள். இப்போது குழந்தை தவழ்கிறது. கம்பெனியிலிருந்து ஆள் விட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை வருகிறாயா, இல்லை உன் மிஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடட்டுமா?

அவ்வளவுதான் கதை. ஆனால் அதைச் சொல்வதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"வீட்டுக்காரர் என்ன சொல்றாருங்க?"

"உன் இஷ்டம்கறாரு."

"நல்லவருதான்."

"நல்லவருதாங்க." சொல்லும்போதே ஏனோ கண் கலங்கியது. "எல்லாரும் உன் இஷ்டம்னுதான் சொல்றாங்க. போனா ஒரு பேச்சு, போகலேன்னா ஒரு பேச்சு. நீங்க சொல்லிடுங்கம்மா. எதைச் சொன்னாலும் கேட்டுக்கறேன்."

"நான் சொல்லி, அப்பறம் அது சரியா வரலேன்னா?"

"மடத்து அம்மா சொன்னாங்க, அதான் இப்படின்னு இருந்துக்குவேன்."

"ஓஹோ." மடத்து அம்மா ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டாள். "திட்டறதுக்கு ஒரு ஆளு வேணும். அதானுங்களே?"



குழந்தை கோகிலவாணியின் தோளிலேயே தூங்கிப் போயிருந்தது.

மடத்து அம்மா கையைத் தட்டிவிட்டு எழுந்தாள். மூலையிலிருந்து ஒரு கத்தைத் துணியை எடுத்து மிஷின் மேல் போட்டாள். பழைய வேட்டிகள்.

"விதைக் கடலை கட்டி வைக்கப் பை வேணும். ரெண்டு மூணு தைச்சுக் குடுத்துட்டுப் போங்கக்கா."

"அப்ப என் கேள்வி?"

"அது எங்க போயிறப் போகுது?"

அவளே ஒரு சேலையை விட்டத்தில் மாட்டித் தூளி கட்டினாள். மூட்டைகளுக்கு அந்தப் பக்கம், காற்று வருகிற இடம். குழந்தையை வாங்கிக் கிடத்தினாள். தூளியில் ஒரு கயிற்றைக் கட்டி, மூட்டைகளுக்கு மேலாக இழுத்துக்கொண்டு வந்து, கோகிலவாணியின் இடது கையில் கொடுத்தாள்.

கோகிலவாணிக்கு அது புதுசில்லை. அவர்களுடைய லைன் வீட்டிலும் தூளிக் கயிறு அடுப்படி வரைக்கும் நீண்டு கிடக்கும். தாளிக்கும்போது ஒரு இழுப்பு, அரைக்கும்போது ஒரு இழுப்பு.

மிஷினில் உட்கார்ந்தாள். மிதித்தாள். கால் தானாக ஓடியது. எத்தனை நாள் ஆகிவிட்டது! நெஞ்சுக்குள் என்னவோ சிலிர்த்தது. உடனே, பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு உனக்கு என்ன சிலிர்ப்பு என்று தன்னையே கடிந்துகொண்டாள். கயிற்றை இழுத்தாள்.

தைத்தாள். இழுத்தாள்.

எதிர்வீட்டு மயிலாத்தா அக்கா நினைவுக்கு வந்தாள். அவள் ஒரு நாள் குழாயடியில் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொல்லியிருந்தாள். "பச்சைப் பிள்ளைய விட்டுட்டு மிஷின் மிதிக்கப் போறாளுகளே, எப்படித்தான் மனசு வருதோ!"

அன்றைக்குக் கோகிலவாணி குடத்தைத் தூக்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டாள். இன்றைக்கு, மிஷினை மிதித்துக்கொண்டே, மனசுக்குள் அவளுக்குப் பதில் சொன்னாள். நல்ல பதிலாக அமையவில்லை. அழித்துவிட்டு வேறொன்று சொன்னாள். அதற்கும் மயிலாத்தா அக்கா ஒன்று சொன்னாள்.

இழுத்தாள். தைத்தாள்.

அந்தச் சண்டை முடிவதற்குள் கம்பெனித் தோழி வனசா வந்து நின்றுகொண்டாள். "நீயுமா கோகிலா? இப்படியொரு கைத்தொழில வெச்சுக்கிட்டு நீயே அடுப்படியில போய் உக்காந்துட்டா எப்படி?" அவளுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இழுத்தாள். இழுத்தாள்.

"யாரைத் தூங்க வெக்கறீங்கக்கா?"

பின்னால் மடத்து அம்மா நின்றிருந்தாள்.

"பாப்பாவத்தாங்க."

"பாப்பா எங்க?"

கோகிலவாணி எட்டிப் பார்த்தாள். மிஷினை விட்டு எழுந்து, மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

காயப்போட்ட துணி மாதிரி தட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்தது தூளி. தொங்கிக்கொண்டு, இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"ஐயோ! வெறுந்தூளிய ஆட்டிட்டேனே!"

பாய்ந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்து நிறுத்தினாள்.

"பிள்ளைக்கு வயிறு வலிக்குமே! எப்பத் தூக்கினீங்க? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?"

"நீங்க முதல் பையை முடிக்கறதுக்கு முன்னாடியே தூக்கிட்டேன். முழிச்சுச் சிரிச்சுட்டு இருந்தா. கையில கயிறு இருந்துச்சே, லேசானது தெரியலீங்களா?"

"தையல்ல கவனமா இருந்தனுங்க..."

மடத்து அம்மா மிஷினிலிருந்து பையை எடுத்து விரித்துக் காட்டினாள். ஆடு மேய்ந்துவிட்டுப் போன தடம் மாதிரி வளைந்து வளைந்து போயிருந்தது தையல். ஓரிடத்தில் துணியை விட்டு வெளியிலேயே போய்விட்டுத் திரும்பியிருந்தது.

கோகிலவாணிக்குக் காது சூடாகிவிட்டது. சாம்பிள் தைக்கிறவள் தைத்த தையலா இது?

"தூளியிலயும் இல்ல. துணியிலயும் இல்ல," என்றாள் மடத்து அம்மா. "பின்ன எங்கக்கா இருந்தீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எதிர்வீட்ல."

"அங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"மயிலாத்தாக்காவோட சண்டை போட்டுட்டு இருந்தனுங்க."

மடத்து அம்மா சிரித்த சிரிப்பில் மூட்டை மேலிருந்த அணில் ஓடிவிட்டது.

"செயிச்சீங்களா?"

"இல்லீங்க."

சொன்ன பிறகு கோகிலவாணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்றதும்தான் நினைவு வந்தது.

"பாப்பா எங்கீங்க?"

மடத்து அம்மா மோவாயால் வாசலைக் காட்டினாள்.

புங்க மரத்தடியில் கோகிலவாணியின் புருசன் நவநீதன் மல்லாந்து படுத்திருந்தான். வரும்போது அங்கே உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தவன். இப்போது செல்போன் எங்கோ கிடந்தது. அவன் வயிற்றின் மேல் குழந்தை உட்கார்ந்திருந்தது. அதன் இடுப்பில், ஈரத்துணிக்குப் பதிலாக அவனுடைய கைக்குட்டை. முடிச்சு என்ன முடிச்சு என்று அவனுக்கே தெரியாது.

"அழலீங்களா?" மரத்தடிக்கு ஓடிவந்து அவனைக் கேட்டாள்.

"அழாம என்ன? ஊரே கூடற மாதிரி அழுதா," என்றான். "உன்னைக் கூப்பிட வந்தேன். இந்தம்மா விடல. ரெண்டு பேரும் பழகிக்குங்கன்னுட்டுப் போயிட்டாங்க. கொஞ்ச நேரத்துல நானும் அழுதுருப்பேன். அப்பறம் அவளே என் மீசையப் புடிச்சா. நின்னுடுச்சு."

பெரிய சாதனை செய்தவன் மாதிரி இருந்தது அவன் முகம். வேர்த்திருந்தது.

கோகிலவாணி குழந்தையின் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். அது கிச்சுக்கிச்சு மூட்டுகிறாள் என்று நினைத்து நெளிந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். இன்னும் சிரித்தது.

"வயிறு வலி ஒண்ணும் இல்லீங்க போல," என்றாள் நிம்மதியாக. "வெறுந்தூளி ஆட்டினா வலிக்கும்னு எங்க ஊர்ல சொல்வாங்க."

"எங்க ஊர்லயும் சொல்வாங்க. நெசந்தான். வலிக்கும்."

"பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

"பாப்பாவுக்குன்னு யாருங்கக்கா சொன்னது?"



மடத்து அம்மா மரத்தடியிலேயே உட்கார்ந்து மறுபடியும் கடலை உரிக்க ஆரம்பித்தாள். "இப்பக் கேளுங்க, உங்க கேள்விய."

கோகிலவாணி வாயைத் திறந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த கேள்வி வரவில்லை. வேறு ஏதோ வந்தது.

"எனக்கு... அந்த மிஷின் பிடிக்குங்க."

திருடியதை ஒப்புக்கொள்கிறவள் மாதிரி அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்.

"மரத்துக்குக் கேக்கல," என்றாள் மடத்து அம்மா.

"மிஷின் பிடிக்குங்க!" கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. "முதல் உருப்படி முடிஞ்சு, அதை உதறித் தூக்கிப் பிடிப்பேன் பாருங்க, அது பிடிக்குங்க. இவளையும் விட முடியாதுங்க. இவ மொத மொதலா நடக்கறப்ப நான் பாக்கணும். ரெண்டும் வேணுங்க. ரெண்டும் வேணும்னு கேக்கறதுக்கு வெக்கமா இருக்குங்க."

"வர்றப்ப இதுவா அதுவான்னு ரெண்டு பொட்டலமால்ல கொண்டுவந்தீங்க? யாருங்கக்கா கட்டிக் குடுத்தது?"

கோகிலவாணி தரையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

எழுந்தாள். குழந்தையைத் தூக்கப் போகிறாள் என்று நவநீதன் நீட்டினான். அவள் வாங்கவில்லை. அவன் கையிலேயே அது இருந்துகொண்டது.

நேராகக் கொட்டகைக்குள் போனாள். கோணல் தையலைப் பிரித்தாள். நூலை ஊதிவிட்டாள். துணியை இரண்டு கையாலும் பிடித்து, மிஷினில் கொடுத்து மிதித்தாள்.

கோடு போட்ட மாதிரி போனது.

வெளியே குழந்தை சிணுங்குகிற சத்தம் கேட்டது. அவளுக்குக் கேட்டது. ஆனால் கால் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சிணுங்கல் தானாக அடங்கியது. அதுவும் கேட்டது.

மயிலாத்தா அக்கா அன்றைக்கு அதற்கப்புறம் வரவில்லை.

இரண்டு பை முடிந்து மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கும்போது நவநீதன் குழந்தையோடு வாசற்படியில் வந்து நின்றான்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமேவா? அப்பத் திங்கக்கிழமைக்கு என்ன சொல்லப் போறே?"

"வர்றேன்னு."

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"சரி," என்றான். "உன் இஷ்டம்."

மிஷின் நின்றது.

கோகிலவாணி திரும்பினாள்.

"என் இஷ்டத்தைச் சொல்லிட்டேங்க. இப்ப உங்களைக் கேக்கறேன். நீங்க மில்லுல மத்தியானத்து ரெண்டாவது ஷிப்ட்டுக்கு மாத்திக்குங்க. காலையில நான் போனதும் நீங்க இவளோட இருங்க. நீங்க மில்லுக்குக் கெளம்பினதுக்கும் நான் வர்றதுக்கும் நடுவுல கொஞ்ச நேரம் இவளைப் பாக்க ஆளிருக்காது. அதுக்கு மயிலாத்தாக்காகிட்ட நானே போய்க் கேக்கறேன். முடியாதுன்னா வேற ஆளைப் பாத்துக்கலாம். மாத்திக்குவீங்களா?"

கல்யாணம் ஆனதிலிருந்து ஒரே மூச்சில் அவள் அவனிடம் இவ்வளவு பேசியதில்லை.  மிஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

நவநீதன் மடத்து அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"என்னை எதுக்குங்கண்ணா பாக்கறீங்க?" என்றாள் அவள், கடலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கேள்வி உங்ககிட்டல்ல வந்திருக்குது."

  குழந்தை அவன் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தான். இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

"காலையில இவ என்ன சாப்பிடுவா?" என்றான்.