தலைவருக்கு வாழ்த்துச் சொன்னவர்

எங்கள் ஊர் வணிகர் சங்கத் தலைவர் நெல்லையப்பனுக்கு அறுபத்தெட்டு வயது, பளபளக்கும் வழுக்கை. தன் பிறந்தநாள் பேனரைத் தன் ஃபிளக்ஸ் கடையிலேயே அடிக்கச் சொன்னார். அங்கே டிசைன் போடுகிறவள் செண்பகம்.

"முகத்துல ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. தலை நிறைய முடி வேணும். ஆனா பார்த்ததுமே நான்தான்னு தெரியணும். 'இது யாரு'ன்னு ஒருத்தன் கேட்டாலும் உனக்கு இங்கே வேலை இல்லை!"

இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும்? கேட்டால் திமிர் என்பார்கள். "சரிங்க ஐயா" என்றாள் செண்பகம்.

மறுநாள் பஸ் நிலையத்தில், பேனரில் சுருள்முடி இளைஞன் ஒருவன் சிரித்தான். பார்த்தவர்கள் எல்லோரும், "அட, நம்ம தலைவர்!" என்று அவனைவிட அதிகமாகச் சிரித்தார்கள்.

தலைவர் செண்பகத்தையும் கூட்டிக்கொண்டு பெருமையாகக் கிட்டே போனார். அடியில், 'இவண்' என்று போட்டு வாழ்த்துகிறவர்கள் படம் வைக்கும் இடத்தில், அவருடைய வழுக்கைத் தலை தனியாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தது.

"என் படத்தை ஏம்மா அங்கே வச்சே?"

"பேனருக்குச் சொன்னவங்க படத்தை அங்கேதானே ஐயா வைப்போம்? சொன்னது நீங்க மட்டும்தானே!"

அவளை வேலையைவிட்டு நிறுத்த வாயெடுத்தார். ஆனால் 'இது யாரு' என்று ஊரில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லையே, பாவம்!