இலுப்பை மரங்கள் மேல் ஒரு வழக்கு

உப்பு மூட்டைகள் மாட்டு வண்டியில் மட்டுமே ஊர்விட்டு ஊர் போன காலத்தில், குருந்தமங்கலம் என்ற நாட்டை ரணவிநோதன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு மனசு, மாலையில் ஒரு மனசு.

அந்த நாட்டில் சந்தையிலிருந்து கிழக்கே உப்பளத்துக்கு ஒரு மண்சாலை போயிற்று. பாதி வழி வரை சாலையின் இருபுறமும் இலுப்பை மரங்கள். ராஜாவின் கொள்ளுப்பாட்டி நட்டவை. அந்த நிழலை நம்பித்தான் சித்திரை வெயிலிலும் உப்பு வண்டிகள் ஓடின.

ஒருநாள் ராஜா அந்த வழியே பவனி போனான். மேலே கொக்கு ஒன்று எச்சமிட்டது. அது நேராக ராஜாவின் புதுப் பட்டுத் தலைப்பாகையில் விழுந்தது. வழியில் நின்ற ஜனங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஒரு சின்னக் குழந்தையால் மட்டும் முடியவில்லை.

அரண்மனைக்குத் திரும்பியதும் கட்டட அதிகாரி விருத்தகிரி முன்னால் வந்து நின்றார். மந்திரி குழைக்காதர் ராஜாவுக்குப் பக்கத்து ஆசனத்தில் உட்காருவது அவருக்கு வெகுநாளாக வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, கொக்கு பறந்துவிட்டது. இடம் கொடுத்த மரம் அங்கேயேதான் நிற்கிறது. இது ராஜ நிந்தை. அத்தனையையும் வெட்ட வேண்டும்."

"வெட்டு!" என்றான் ராஜா.

"வெட்டிய மரம் யாருக்கு?" என்று கேட்டார் குழைக்காதர்.

"அந்தச் சுமை மகாராஜாவுக்கு எதற்கு? நானே அப்புறப்படுத்திவிடுகிறேன்."

விருத்தகிரியின் புது வீடு தூணில்லாமல் பாதியில் நிற்பது சபையில் எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

"மகாராஜா, விசாரிக்காமல் தண்டித்தார் என்ற பேர் தங்களுக்கு வேண்டாம்" என்றார் மந்திரி. "மரங்களால் சபைக்கு நடந்து வர முடியாது. சபைதான் அங்கே போக வேண்டும்."

விருத்தகிரி சிரித்தார். "மந்திரியார் மரத்துக்கு வக்காலத்து வாங்குகிறார்! மரம் வாய் திறந்து என்ன சொல்கிறதென்று கேட்டுவிடுவோமே."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் பிடிக்கும். சம்மதித்தான்.

மறுநாள் உச்சிப் பொழுதில் மரவரிசையின் கடைசி இலுப்பையடியில் சபை கூடியது. அதற்கு அப்பால் உப்பளம் வரை வெட்டவெளி. ராஜா நிழலில் போட்டிருந்த ஆசனத்தில் உட்காரப் போனான்.

"மகாராஜா!" என்று பதறினார் குழைக்காதர். "போன ஐப்பசியில் ஒரு நியாயாதிபதியை எதற்காக வீட்டுக்கு அனுப்பினீர்கள்?"

"வழக்குக்காரனிடம் வெற்றிலை வாங்கிப் போட்டான். அனுப்பினேன்."

"இந்த நிழல் பிரதிவாதி கொடுப்பது. வெற்றிலையைவிடப் பெரியது."

ராஜா தலையைச் சொறிந்தான். தானே போட்ட சட்டம். ஆசனம் வெயிலுக்குப் போனது. சேவகன் வெண்குடையை விரித்தான்.

"அந்தக் குடைக்காம்பு இதே சாலை இலுப்பையில் கடைந்தது. பிரதிவாதிக்குச் சொந்தக்காரன்" என்றார் மந்திரி. குடையும் மடங்கியது.

"வாதி மட்டும் நிழலில் நிற்கலாமா?" என்றான் ராஜா எரிச்சலோடு. "வாரும் இப்படி, விருத்தகிரி!"

விருத்தகிரி வந்து நின்று குற்றப்பத்திரம் சொல்லத் தொடங்கினார். கொக்கின் குற்றம், கிளையின் குற்றம், வேரின் குற்றம் என்று அது நீண்டது. நெற்றிச் சந்தனம் கரைந்து மூக்கில் வழிந்தது. ராஜாவின் கிரீடம் அடுப்பில் வைத்த சட்டிபோல் காய்ந்தது.

"சுருக்கிச் சொல்லுமய்யா!"

"இன்னும் பூவின் குற்றம் இருக்கிறது, மகாராஜா."

பொழுது மேற்கே சாய்ந்தது. இலுப்பையின் நிழல் மெல்ல நீண்டு ராஜாவின் பாதத்தைத் தொட்டது. ராஜா காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"பிரதிவாதி லஞ்சம் நீட்டுகிறார். ஆசனத்தை நகர்த்தட்டுமா?" என்றார் குழைக்காதர் பணிவாக.

"கொஞ்சம் பொறும், மந்திரி. கால்தானே. கால் தீர்ப்புச் சொல்லாது."

இதற்குள் விருத்தகிரியின் குரல் கம்மியது. பேச்சு நிற்கவில்லை. ஆனால் ஆள் அங்குலம் அங்குலமாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தார். "ஆகவே இம்மரங்கள் இந்நாட்டில் ஒரு கணமும்..." என்று அவர் முடிக்கும்போது சபை கொல்லென்று சிரித்தது. அவர் குனிந்து பார்த்தார். முழு நிழலில் நின்றுகொண்டிருந்தார். இலுப்பைமேல் முதுகைச் சாய்த்துக் கண்ணையும் பாதி மூடியிருந்தார்.

"பிரதிவாதி ஒரு வார்த்தை பேசவில்லை, மகாராஜா. வாதியே போய் அவரிடம் அடைக்கலம் கேட்டுவிட்டார்."

ராஜா எழுந்து போய், விருத்தகிரிக்குப் பக்கத்தில் நிழலில் நின்றான். பிறகு சொன்னான்: "மந்திரி, மரங்கள் நிற்கட்டும். இனி இந்தச் சாலை உமது பொறுப்பு. இதில் கோடாலி வைக்க எனக்கும் அதிகாரம் இல்லை. விருத்தகிரி, இங்கிருந்து உப்பளம் வரை நீர் கன்று நட வேண்டும். உமது கையாலேயே தண்ணீர் ஊற்ற வேண்டும். நீர் நட்ட மரம் உம்மை முழுக்க மறைக்கும் நிழல் தரும்வரை இதுதான் உமக்கு உத்தியோகம்."

இலுப்பை அவசரப்படாத மரம். ராஜாவுக்கு நரைத்தது. குழைக்காதர் காலமானார். புது வீடு தூணில்லாமலேயே இடிந்து மண்ணாயிற்று. விருத்தகிரி குடம் சுமந்தார். முதலில் ஏசிக்கொண்டு சுமந்தார். பிறகு பேசாமல் சுமந்தார். இன்னும் பின்னால், எந்தக் கன்று என்றைக்குத் தளிர்த்தது என்று வண்டிக்காரர்களை நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டு சுமந்தார்.

ஒரு பங்குனியில் அரண்மனைச் சேவகன் ஓடி வந்தான். "ஐயா, நிழல் உங்களை மறைக்கிறதாம். ராஜா பார்த்துவிட்டார். தண்டனை தீர்ந்தது, வீட்டுக்கு வாருங்கள்."

விருத்தகிரி நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். பிறகு வெயிலில் வாடி நின்ற அடுத்த கன்றைப் பார்த்தார்.

"இதற்கு ஊற்றவில்லையே" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.