கதவுக்கு வெளியே நின்ற உண்ணாமலை அம்மையார்

திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியின் பெண்கள் பிரிவில், வெளிநோயாளிகளைப் பரிசோதிக்கும் அறையில் ஆயாவாக இருந்தவர் உண்ணாமலை அம்மையார். கருவிகளைக் கழுவுவதும் மேசை விரிப்பை மாற்றுவதுமே அவர் வேலை. தினமும், ஒரு பெண்ணுக்குத் தாய் வடிவில் வந்து பிரசவம் பார்த்த தாயுமானவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் வருவார். மேசையில் படுக்கும் பெண்களை அந்த இறைவன் பெற்ற மக்களாகவே எண்ணினார். சில்லிட்ட கருவியை வெந்நீரில் சூடாக்கித் தருவார். பரிசோதனை முடியும்வரை அவர்கள் கையை விடமாட்டார்.

அவருடைய ஒரே மகள், வலிக்கு அஞ்சிப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டே, கருப்பைவாய்ப் புற்று முற்றி இறந்துபோனாள்.

அம்மையார் இப்படிக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது தலைமை நர்ஸ் பிரமிளாவுக்குப் பிடிக்கவில்லை. "ஒவ்வொருத்தியையும் கொஞ்சிக்கிட்டிருந்தா எப்ப முடிக்கிறது? பொம்பளைன்னா தாங்கித்தான் ஆகணும்" என்று ஏளனம் செய்து, அவரைக் கழிவறை கழுவ அனுப்பினார்.

ஒருநாள் மருதாயி என்ற பெண் வந்தார். மாதவிடாய் நின்று ஆறு வருடம் கழித்து அவருக்கு உதிரம் போனது. கருப்பையிலிருந்து சிறிது சதை எடுத்துப் பார்க்க வேண்டும். இருமுறை வலி தாளாமல் பாதியில் எழுந்து ஓடியவர் அவர்.

"சிஸ்டர், அஞ்சு நிமிஷம் நான் பக்கத்துல நின்னுக்கறேனே" என்று அம்மையார் கெஞ்சினார். பிரமிளா கதவைச் சாத்தினார்.

"விடுங்க, நான் வீட்டுக்கே போறேன்!" என்று உள்ளே அலறல் எழுந்தது. மகளே அலறுவதுபோல் இருந்தது. அம்மையார் ஈரத்தரையில் சரிந்தார்.

"தாயுமானவா, எம்பொண்ண எடுத்துக்கிட்ட, பேசாம இருந்தேன். இவளையும் விட்டுருவியா? என்னைத்தான் உள்ள விடல, உன்னை யாரு தடுத்தா? போய்க் கையப் பிடிய்யா!"

அலறல் நின்றது. அந்த அமைதி அவரை இன்னும் அச்சுறுத்தியது.

சற்றுப் பொறுத்துக் கதவு திறந்தது. மருதாயி மெல்ல நடந்து வந்தார். "அந்த அம்மா எங்க? கடைசி வரைக்கும் எங் கைய விடவே இல்லயே!"

"நானும் சிஸ்டரும் மட்டுந்தானே இருந்தோம்?" என்று டாக்டர் திகைத்தார்.

பிரமிளா கதவுக்கு வெளியே வந்தார். மருதாயியின் தலைமாட்டில் ஒரு பெண் குனிந்து நின்றதை அவர் கண்டிருந்தார். ஆயாதான் நுழைந்துவிட்டாள், வேலை முடிந்ததும் அதட்டலாம் என்று விட்டிருந்தார். அந்த ஆயாவோ இங்கே தரையில் கிடந்தார். பிரமிளா அவரைத் தூக்கி நிறுத்தினார்.

"உள்ள வாங்கம்மா. அடுத்தவங்க பயந்துபோய் உக்காந்திருக்காங்க."

சோதனையில் புற்றுநோய் ஆரம்பத்திலேயே தெரிந்ததால் மருதாயி பிழைத்தார். மகளை இழந்த துயரம் அம்மையாரை விட்டுப் போகவில்லை. ஆயினும், தாம் நிற்க முடியாத இடத்தில் இறைவனையே நிற்கவைத்த அவருடைய பேரன்பை வணங்குவோம்.